தீக்குழம்புக்கு வழிவிடும் சாலை, கடலோடு மல்லுக்கட்டும் சாலை

ரியூனியன் தீவின் கிழக்குக் கரையோரமாகத் தெற்கு நோக்கிப் போகிறவர்களுக்குச் சேன்த் ரோஸ் ஊர் தாண்டிச் சற்று நேரத்தில் நிலத்தின் நிறமே மாறிவிடும். அதுவரை சாலையின் இருபுறமும் கரும்பு, வாழை, லிச்சி மரங்கள், ஈரம் சொட்டும் காடு. திடீரென்று எல்லாம் கறுப்பு. இடப்பக்கம் கடல்வரைக்கும், வலப்பக்கம் மேகம் மூடிய மலைவரைக்கும் உறைந்துபோன எரிமலைக் குழம்பு. சாலையோரம் ஆங்காங்கே பலகைகள் நிற்கின்றன. அவற்றில் ஆண்டுகள் எழுதப்பட்டிருக்கின்றன: 2002, 2004, 2007. அந்த ஆண்டில் அந்த இடத்தில் குழம்பு இறங்கி வந்து சாலையை விழுங்கிவிட்டுக் கடலில் கலந்தது என்று அர்த்தம். பலகைக்கு முன்னால் ஓடும் தார்ச்சாலை அதற்குப் பிறகு, அதே குழம்பின் மேல் போடப்பட்டது.

இந்தப் பகுதிக்குக் கிரான் புருலே என்று பெயர். உலகின் அழகான கடலோரச் சாலைகளை வரிசைப்படுத்துகிறவர்கள் இதை விடுவதில்லை. அழகுக்காக மட்டும் இதைப் பேசினால் போதாது. இயற்கையின் சீற்றத்துக்கு நடுவே ஒரு சாலையை எப்படி வைத்துக்கொள்வது என்பதற்கு இந்த ஒரே தீவின் ஒரே சுற்றுச்சாலையில் நேர் எதிரான இரண்டு விடைகள் இருக்கின்றன. ஒன்று தென்கிழக்கில், மற்றொன்று வடமேற்கில். இரண்டையும் சேர்த்துப் பார்க்காதவர்கள் தீவைப் பாதிதான் பார்த்திருக்கிறார்கள்.

மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொரிஷியஸுக்குத் தென்மேற்கே, இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரியூனியனின் பரப்பு சுமார் 2,512 சதுர கிலோமீட்டர். 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம். எட்டரை லட்சத்துக்கும் அதிகமான மக்கள். தீவு முழுக்க எரிமலைகள் கட்டியெழுப்பியது. 3,070 மீட்டர் உயரமுள்ள பித்தோன் தே நேஜ் பல்லாயிரம் ஆண்டுகளாக உறங்குகிறது. 2,632 மீட்டர் உயரமுள்ள பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் இன்னும் விழித்திருக்கிறது. உலகில் அடிக்கடி பொங்கும் எரிமலைகளில் அதுவும் ஒன்று. தீவின் நடுப்பகுதி செங்குத்துப் பாறைச்சுவர்களும் ஆழ்ந்த பள்ளங்களும் நிறைந்தது. மஃபாத் என்ற மலைக்கிண்ணத்துக்குள் ஊர்கள் உண்டு, சாலை கிடையாது. நடந்து போக வேண்டும், அல்லது ஹெலிகாப்டரில் இறங்க வேண்டும்.

ஆகவே மக்கள் பெரும்பாலும் கரையோரத்தில் வாழ்கிறார்கள். மேற்கே ஒன்றாம் எண் தேசியச் சாலை, கிழக்கே இரண்டாம் எண் தேசியச் சாலை. இரண்டும் சேர்ந்து தீவை வளைத்து வருகின்றன. நடுவில் மலைமேட்டின் வழியாகக் குறுக்கே செல்லும் மூன்றாம் எண் சாலை ஒன்றைத் தவிர, ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போக உருப்படியான வேறு வழியில்லை. சுற்றுலாப் பயணி வாடகைக் கார் எடுத்துக்கொண்டு ரசித்தபடி போகும் அதே சாலையில்தான் காய்கறி லாரியும் ஆம்புலன்ஸும் பள்ளிக்கூடப் பேருந்தும் வேலைக்குப் போகிறவர்களும் போகிறார்கள். இந்தச் சாலை எங்காவது ஓரிடத்தில் அறுந்தால் தீவின் மூச்சு திணறும்.

2007ஆம் ஆண்டு அப்படி ஒன்றல்ல, இரண்டு இடங்களில் அறுந்தது. பிப்ரவரி கடைசியில் கமேட் புயல் வந்தது. கொமெர்சோன் என்ற மலையிடத்தில் மூன்றே நாளில் 3,929 மில்லிமீட்டர் மழை கொட்டியது. உலகச் சாதனையாகப் பதிவான அளவு இது. பெருக்கெடுத்த வெள்ளம் தெற்கே சேன் எத்தியேன் ஆற்றின் மேலிருந்த பாலத்தைச் சாய்த்தது. அந்தத் தெற்குப் பக்கம் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே, ஏப்ரல் 2ஆம் தேதி ஃபூர்னேஸ் தன் கீழ்ச்சரிவில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில் வெடித்துப் பிளந்தது. கடந்த நூறு ஆண்டுகளில் அந்த எரிமலையின் மிகப் பெரிய வெடிப்புகளில் ஒன்று அது. குழம்பு சில மணி நேரத்தில் சாலையைக் கடந்து கடலில் விழுந்தது. உள்ளே இருந்த குழம்பு இப்படிக் கீழ்வழியாக வெளியேறியதால், உச்சியிலிருந்த தொலோமியூ என்ற வாய்ப்பள்ளத்தின் தரை தாங்க ஆளில்லாமல் 300 மீட்டருக்கும் மேல் இடிந்து உள்ளே போனது. கீழே, கடலுக்குள் புதிய நிலம் உருவானது. அதன் ஓரத்தில் பச்சை ஆலிவைன் மணிகள் கலந்த கறுப்பு மணல் கடற்கரை ஒன்று முளைத்தது. தீவைச் சேர்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இரவில் வண்டி கட்டிக்கொண்டு வந்து அந்தச் செந்தீயைப் பார்த்தார்கள். ஃபூர்னேஸ் பொங்கும்போதெல்லாம் அங்கே இது நடக்கும். எரிமலை அவர்களுக்கு அச்சம் மட்டுமல்ல, சொந்தம்.

சாலை என்ன ஆனது? காத்திருந்தார்கள். குழம்பின் மேல்தோல் இறுகி வண்டியைத் தாங்கும் நிலைக்கு வந்த பிறகு புல்டோசர்கள் ஏறின. கரடுமுரடான மேற்பரப்பை உடைத்து, நொறுக்கி, சமன்செய்து, அதையே அடித்தளமாக்கி மேலே புதிய பாதை போட்டார்கள். பாதை திறந்து வெகுகாலம் ஆன பின்பும் உள்ளே சூடு ஆறவில்லை. மழை பெய்தால் சாலையின் இருபுறமும் ஆவி எழுந்தது. அடுத்த முறை குழம்பு வந்தால் இந்தப் பாதையும் போகும் என்று போட்டவர்களுக்கும் தெரியும், அதில் போகிறவர்களுக்கும் தெரியும்.

இது கையாலாகாத்தனம் இல்லை. கணக்குப் பார்த்து எடுத்த முடிவு. ஃபூர்னேஸின் வெடிப்புகளில் மிகப் பெரும்பாலானவை, குதிரை லாட வடிவில் கடலை நோக்கித் திறந்திருக்கும் ஒரு பெரும்பள்ளத்துக்குள்ளேயே நடக்கின்றன. வடக்கே புவா பிளான், தெற்கே திராம்பிளே என்று இரு பாறைச்சுவர்கள் அதற்கு வேலி. அதற்குள் குடியிருப்பு கிடையாது. சாலை மட்டும் கடக்கிறது. ஃபூர்னேஸின் குழம்பு பொதுவாக நீர்த்த பசால்ட் வகை. வெடித்துச் சிதறுவதைவிட வழிந்தோடுவதே அதிகம். ஆட்கள் விலகிக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. அந்த அவகாசத்தை முன்கூட்டியே சொல்ல மலைமேட்டில் பூர் முரா என்ற ஊரில் எரிமலை ஆய்வுக்கூடம் ஒன்று இருக்கிறது. மலையின் சிறு நடுக்கத்தையும், தரை மில்லிமீட்டர் கணக்கில் உப்புவதையும் கருவிகள் இரவு பகலாகக் கவனிக்கின்றன. எச்சரிக்கை வந்ததும் தடுப்பு போட்டுச் சாலையை மூடிவிடுகிறார்கள்.

அந்த ஆய்வுக்கூடம் பிறந்த கதையும் இந்தச் சாலையில்தான் தொடங்குகிறது. 1977 ஏப்ரலில் குழம்பு பெரும்பள்ளத்தை விட்டு வெளியே, மக்கள் வாழும் பித்தோன் சேன்த் ரோஸ் ஊருக்குள் புகுந்தது. வீடுகள் எரிந்தன, சாலை புதைந்தது. முன்கூட்டியே ஊரைக் காலி செய்திருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. ஊர்த் தேவாலயத்தின் வாசலைத் தொட்ட குழம்பு இரண்டாகப் பிரிந்து சுவர்களைச் சுற்றிக்கொண்டு போனது, கட்டடம் நின்றது. இன்று அதற்குக் 'குழம்புகளின் அன்னை' என்ற பொருளில் பெயர். படிக்கட்டுக்கு இருபுறமும் கறுத்த பாறை அலைபோல நிற்கிறது. அந்த அதிர்ச்சிதான் நிரந்தரக் கண்காணிப்பு வேண்டும் என்று அரசை நினைக்க வைத்தது. 1979இல் ஆய்வுக்கூடம் அமைந்தது. 1986இல் சேன் ஃபிலிப் பக்கம் மறுபடியும் பள்ளத்துக்கு வெளியே வெடித்தபோது கவனித்துக்கொண்டிருக்க ஆட்கள் இருந்தார்கள். அந்த வெடிப்பில் கடலுக்குள் நீண்ட நிலத்தில் இன்று மக்கள் உலாவப் போகிறார்கள்.

அறிவியலைக் காவலுக்கு வைத்துவிட்டு, சாலையை எளிமையாக, திரும்பப் போடக்கூடியதாக வைத்துக்கொண்டது ரியூனியன் செய்த மிக நல்ல காரியம். கிரான் புருலேயில் பெரும் பாலமோ சுரங்கமோ கட்டாமல் விட்டதற்காக அந்தத் தீவின் பொறியாளர்களைப் பாராட்ட வேண்டும்.

இனி வடமேற்கு.

தலைநகர் சேன் தெனிக்கும் லா பொசேசியோனுக்கும் இடையே சுமார் 12 கிலோமீட்டர். நூறு, இருநூறு மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக எழும் பாறை நேராகக் கடலில் கால் வைத்திருக்கிறது. பழங்காலத்தில் படகில் போனார்கள், அல்லது மலைமேல் கருங்கல் பாவிய ஒற்றையடிப் பாதையில் ஏறி இறங்கினார்கள். 1882இல் ரயில் வந்தது. சேன் பெனுவாவிலிருந்து வடக்கையும் மேற்கையும் சுற்றிச் சேன் பியேர் வரை சுமார் 126 கிலோமீட்டர் நீண்ட அந்தப் பாதைக்காக, இந்தப் பாறைக்குள் சுமார் பத்துக் கிலோமீட்டருக்குச் சுரங்கம் குடைந்தார்கள். அந்தக் காலத்தில் உலகின் மிக நீளமான ரயில் சுரங்கங்களில் அதுவும் ஒன்று. எண்பது ஆண்டுகள் ஓடிய ரயிலை, 1963இல் பாறையடியில் கார்ச் சாலை திறந்த கையோடு முடித்துக்கட்டினார்கள்.

அந்தச் சாலை முதல் நாளிலிருந்தே ஆபத்தானது. மேலே பாறை, கீழே அலை. 1976இல் கடல்பக்கமாக நகர்த்தி நான்கு தடமாக்கினார்கள். பாறைமுகத்தில் கம்பிவலை போர்த்தினார்கள். கனமழை பெய்தால் மலைப்பக்கத் தடங்களை மூடிவிட்டு, கடல்பக்கத் தடங்களில் மட்டும் இருவழியாக வண்டிகளை விடுவார்கள். நெரிசல் ஊர் எல்லைவரை நீளும். புயல் நாட்களில் முழுவதும் மூடினால், மலைமேல் வளைந்து வளைந்து செல்லும் பழைய சாலைதான் கதி. 2006 மார்ச்சில் பெரும் பாறைச்சரிவு இரண்டு உயிர்களைப் பறித்தது. அதற்கு முன்பும் பலர் இறந்திருக்கிறார்கள். நாளொன்றுக்குச் சுமார் 60,000 வண்டிகள் போகும் இடம் இது. எதையாவது செய்தே ஆக வேண்டியிருந்தது என்பதில் சந்தேகமே இல்லை. கிழக்கில் சரியாக இருந்த பொறுமை இங்கே சரிப்படாது. குழம்பு சொல்லிவிட்டு வருகிறது, பாறை சொல்லாமல் விழுகிறது.

செய்த விதம்தான் கேள்வி. பாறையை விட்டு விலகி, கடலுக்குள்ளேயே புதிய சாலை என்று முடிவானது. பாதித் தூரம் கடற்பாலம், பாதித் தூரம் கடலுக்குள் பாறை கொட்டி எழுப்பும் அணை. ஆரம்ப மதிப்பீடு 166 கோடி யூரோ. பாலத்தைக் கட்டியது பெரும் சாதனை. அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. நீளம் 5,400 மீட்டர். ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள கான்கிரீட் தூண்களைக் கரையில் வார்த்து, அதற்கென்றே செய்த 'சூரித்' என்ற மிதவையில் ஏற்றிக் கடலில் நிறுத்தினார்கள். கிரியோல் மொழியில் சூரித் என்றால் பேய்க்கணவாய். 2022 ஆகஸ்டில் பாலம் பகுதியளவும், 2023 மார்ச்சில் முழுமையாகவும் திறந்தது. புயல் அலை அடியில் மோதிக்கொண்டிருக்க, மேலே வண்டிகள் போகின்றன.

ஆனால் அணைப் பகுதி கிராந்த் ஷாலூப் என்ற இடத்துக்கும் லா பொசேசியோனுக்கும் நடுவே நின்றுபோனது. காரணம், பாறை இல்லை. எரிமலையே கட்டிய தீவில் பாறைக்குத் தட்டுப்பாடு! கடலின் அடியைத் தாங்கும் பருமனில், லட்சக்கணக்கான டன் கற்கள் வேண்டும். அவ்வளவையும் வெட்டியெடுக்க அனுமதி பெற்ற கல்குவாரி தீவில் இல்லை. சேன் லூ அருகே பெரிய குவாரி ஒன்றைத் திறக்கப் பார்த்தார்கள். ஊர்மக்கள் எதிர்த்தார்கள், நீதிமன்றம் போனார்கள். கரும்புக் காடுகளில் விவசாயிகள் பொறுக்கி ஒதுக்கிய கற்குவியல்களை அள்ளினார்கள். மடகாஸ்கரிலிருந்து கொண்டுவரலாமா என்றுகூடப் பேச்சு வந்தது. கடைசியில் அணைத் திட்டத்தைக் கைவிட்டு, மிச்சமுள்ள இரண்டரைக் கிலோமீட்டர் அளவுக்கும் இன்னொரு பாலம் என்று தீர்மானித்தார்கள். மொத்தச் செலவு 200 கோடி யூரோவைத் தாண்டிவிட்டது. கல் எங்கிருந்து வரும் என்று உறுதி செய்யாமல் கல்லால் கட்டும் திட்டத்துக்குக் கையெழுத்திட்டது, பொதுப்பணத்தைக் கையாள்கிறவர்கள் செய்யக் கூடாத தவறு. சேன் லூ மக்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை. தங்கள் ஊரின் காற்றையும் நீரையும் காப்பது அவர்கள் உரிமை. அவர்கள் எதிர்ப்பார்கள் என்பது திட்டம் தீட்டியவர்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அந்தப் புதிய சாலையோடு சேர்த்து ஒரு டிராம் ரயிலும் திட்டத்தில் இருந்தது. பால் வெர்ழெஸ் தலைமையிலான பிராந்திய அரசு 2007இல் பாரிஸோடு செய்த உடன்பாட்டில் சாலையும் ரயிலும் இரண்டும் இடம்பெற்றன. 2010 தேர்தலில் திதியே ரொபேர் வென்றார். ரயில் கைவிடப்பட்டது, பணம் சாலைக்குத் திரும்பியது. 1963இல் செய்த அதே காரியத்தை 2010இல் மறுபடி செய்தார்கள். முதல் முறை, கார் குறைவாக இருந்த காலம்; எதிர்காலம் தெரியவில்லை என்று மன்னிக்கலாம். இரண்டாம் முறை, நெரிசலில் தினமும் மணிக்கணக்கில் நிற்கும் மக்களைக் கண்ணால் பார்த்துக்கொண்டே செய்தது. ஊர்களெல்லாம் ஒரே கோட்டில் கரையோரமாக அமைந்த ஒரு தீவைவிட ரயிலுக்குப் பொருத்தமான இடம் உலகில் அதிகம் இருக்க முடியாது.

பாலமும் அணையும் சேர வேண்டிய கிராந்த் ஷாலூப்பில் தமிழ் வாசகர்கள் சற்று நிற்க வேண்டும். பாறைகள் விலகி ஒரு சிறு பள்ளத்தாக்கு கடலுக்கு இறங்கும் இடம். பழைய ரயில் நிலையம் இன்னும் இருக்கிறது. அதன் அருகே, 1860களில் கட்டிய தொற்றுநோய்த் தடுப்பு முகாம். 1848 டிசம்பர் 20இல் அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடிய முதலாளிகள், புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகப் பெரும்பாலும் தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோனார்கள். கப்பலிலிருந்து இறங்கியவர்களில் பலர் முதலில் அடைபட்டுக் கிடந்தது இங்கேதான். பிரிட்டிஷ் அரசு 1882இல் ஆள் அனுப்புவதை நிறுத்தும்வரை இது தொடர்ந்தது. அவர்களின் வம்சத்தாரைத் தீவில் மலபார் என்கிறார்கள். பெயரில் தமிழ் ஒலி இருக்கிறது, பேச்சு கிரியோலாகிவிட்டது. ஆனால் கோயில் விடவில்லை. சுற்றுச்சாலையில் போகிறவர்கள் கோபுரங்களைப் பார்த்தபடியே போகலாம்: சேன் ஆந்த்ரேயில் கரும்பு வயல் நடுவே கொலோஸ் கோயில், சேன் போலில் முருகன் கோயில், சேன் பியேரில் நரசிங்கப் பெருமாள் கோயில். ஆண்டு மாறும் வேளையில் பாஞ்சாலிக்குத் தீமிதி நடக்கிறது, தை மாதம் காவடி எடுக்கிறார்கள். சேன் ஆந்த்ரேயின் புவா ரூழ் ஆலையும், சேன் லூயியின் லெ கோல் ஆலையும் இன்னும் கரும்பை அரைக்கின்றன. அந்த ஆலைகளுக்கான கரும்பும் இதே சாலையில்தான் போகிறது. புதிய பாலத்தில் வேகமாகப் பறக்கிறவர்களுக்கு அந்த முகாம் ஒரு நொடியில் கடந்துவிடும். பாலத்திலிருந்து இறங்கி அதைப் பார்க்க வழி இருக்கிறது; இறங்க வேண்டும்.

சுற்றுலாப் பிரசுரங்கள் இந்தத் தீவை ஒரே நாளில் சுற்றிவிடலாம் என்கின்றன. முடியும். சுமார் 200 கிலோமீட்டர்தான். ஆனால் காலையும் மாலையும் உள்ளூர்க்காரர்கள் வேலைக்குப் போகும் நேரத்தில் இன்னும் ஆயிரம் வாடகைக் கார்களைச் சேர்த்துவிடுவது அந்த மக்களுக்குச் செய்யும் நன்மையில்லை, பயணிக்கும் பயனில்லை. ஈரமான கிழக்கும் வறண்ட மேற்கும் ஒரே தீவு என்று நம்பவே நேரம் வேண்டும். கிழக்கு ஆற்றின் மேல் 1894இல் கட்டிய தொங்குபாலத்தில் இன்று வண்டி போவதில்லை, நடந்து கடக்கலாம். குழம்பு உறைந்த பாறையில் முதலில் வெள்ளிநிறக் கல்பாசி படர்வதையும், அதன் பிறகு பெரணியும், அப்புறம் மரமும் வேர்விடுவதையும் ஆண்டு எழுதிய பலகைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தால்தான் புரியும். மேற்கே சேன் லூ கரையில் பாறைத் துளைகள் வழியே கடல் பீறிட்டு எழும். 2009இல் மலையிடுப்பில் தாமரேன் சாலை திறந்ததிலிருந்து பழைய கரையோரப் பாதையில் விரைவு வண்டிகள் குறைந்துவிட்டன. அங்கே நிதானமாகப் போகலாம். மஞ்சள் நிறப் பிராந்தியப் பேருந்துகள் ஊர்களை இணைக்கின்றன. எரிமலைப் பகுதிக்கும் அவை போகின்றன.

அவை போதிய எண்ணிக்கையில் ஓட வேண்டும் என்பதுதான் இப்போது கேட்க வேண்டியது. கடற்பாலத்தைத் திசைக்கு மூன்று தடம் கொள்ளும்படி வடிவமைத்திருக்கிறார்கள். அதில் ஒரு தடத்தைப் பொதுப் போக்குவரத்துக்கு விடலாம் என்று திட்டத்திலேயே சொன்னார்கள். இரண்டாவது பாலம் முடிந்து தடங்கள் முழுவதும் தொடர்ந்து ஒன்றான அன்றே, அந்தத் தடத்தைப் பேருந்துக்கும், பின்னாளில் ரயிலுக்கும் என்று சட்டமாகவே எழுதிவைக்க வேண்டும். ஒரு முறை கார்களுக்குத் திறந்துவிட்ட தடத்தை எந்தத் தலைவராலும் திரும்பப் பெற முடியாது. கிரான் புருலேயில் குழம்பு அடுத்த முறை சாலையைக் கடக்கும்போது கூடுதலாக எதுவும் கட்ட வேண்டாம். பழைய வழக்கப்படி காத்திருந்து, ஆறியதும் பாதை போட்டால் போதும். ஆய்வுக்கூடத்துக்குக் கருவியும் ஆளும் குறையாமல் பார்த்துக்கொண்டு, மிச்சமாகும் பணத்தைச் சேன் பெனுவாவிலிருந்து சேன் ஜோசஃப் வரை, சொந்த வண்டி இல்லாத கிழவிக்கும் பள்ளிப்பிள்ளைக்கும் அரைமணிக்கு ஒரு பேருந்து கிடைக்கச் செலவிடட்டும்.